பகல்கனவுக்காரர் பிறந்த கதை

1900களின் தொடக்கம். வாஷிங்டனுக்கு அருகே ஒரு வீட்டின் பின்புறத்தில் அண்ணனும் தம்பியும் வில் அம்பு விளையாடிக்கொண்டிருந்தார்கள். மகனின் தலைமேல் ஆப்பிளை வைத்துக் குறி தவறாமல் எய்த வில்லியம் டெல்லின் கதைதான் விளையாட்டு. அண்ணன் பெயரும் வில்லியம். எய்யும் வேலை அவனுடையது. ஆறேழு வயதுத் தம்பி ஜேம்ஸ் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். அண்ணன் அம்பைப் பூட்ட ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டான். இன்னும் ஏன் எய்யவில்லை என்று தம்பி திரும்பிப் பார்த்தான். அம்பு கிளம்பியதும் அதே நொடியில்தான்.

இடக்கண் போயிற்று. அடிபட்ட கண்ணை உடனே அகற்றியிருந்தால் மற்றதாவது பிழைத்திருக்கலாம். தாமதமாகத்தான் அகற்றினார்கள். ஒரு கண்ணில் ஆழமாகக் காயம் பட்டால், உடம்பின் எதிர்ப்பு சக்தியே நல்ல கண்ணையும் எதிரியாக நினைத்துத் தாக்கத் தொடங்குவதுண்டு. பின்னாளில் எழுத்தாளரான ஜேம்ஸ் தர்பருக்கு அப்படித்தான் நேர்ந்தது. ஆனால் அதன் முழு விளைவு வெளிப்பட நாற்பது வருடம் பிடித்தது.

ஓடியாடும் ஆட்டங்கள் அவனுக்கு இல்லை என்றாயிற்று. வீட்டில் இன்னொரு நிறைவேறாத ஆசையும் குடியிருந்தது. வக்கீலாகவோ நடிகராகவோ வர ஆசைப்பட்ட தந்தை சார்லஸ், அலுவலக குமாஸ்தாவாகவே காலம் தள்ளினார். ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த மகன், தாவரவியல் வகுப்பில் நுண்ணோக்கியைத் திருகித் திருகிப் பார்த்தான்; செடியின் செல் எதுவும் தென்படவில்லை. ஒருநாள் ஏதோ தெரிந்தது. ஆவலோடு வரைந்து காட்டினான். பேராசிரியர் அதை உற்றுப் பார்த்தார். பையன் வரைந்திருந்தது நுண்ணோக்கிக் கண்ணாடியில் பிரதிபலித்த அவன் கண்ணையே!

இதைத் தர்பரே பின்னாளில் சிரிக்கச் சிரிக்க எழுதிவைத்தார். ஆனால் அந்தக் கல்லூரியிலிருந்து அவர் பட்டம் பெறாமலே வெளியேறினார். கட்டாய ராணுவப் பயிற்சியை அந்தப் பார்வையோடு முடிக்க முடியவில்லை. முதல் உலகப் போரில் அவர் வயதுக்காரர்கள் துப்பாக்கி தூக்கியபோது, அவருக்குக் கிடைத்தது சங்கேதத் தந்திகளைப் பிரித்தெழுதும் குமாஸ்தா வேலை. முதலில் வாஷிங்டன், பிறகு பாரிஸ் தூதரகம். வீரசாகசங்களெல்லாம் பக்கத்து அறையில் நடந்தன. அவருக்குக் கதவு திறக்கவே இல்லை.

ஊர் திரும்பி நிருபரானார். நியூயார்க்கில் அப்போதுதான் தொடங்கியிருந்த ‘நியூயார்க்கர்’ வார இதழுக்கு எழுதி அனுப்பினார். போனவையெல்லாம் திரும்பி வந்தன. 1927ல் எழுத்தாளர் ஈ. பி. வைட்டின் அறிமுகத்தால் உள்ளே நுழைந்தபோது வேறொரு வம்பு காத்திருந்தது. ஆசிரியர் ஹெரால்ட் ராஸ் அவரை எழுத்தாளராக எடுக்கவில்லை. அலுவலகத்தைக் கட்டி மேய்க்கும் நிர்வாக ஆசிரியராக உட்காரவைத்துவிட்டார். அந்த நாற்காலியிலிருந்து கீழே இறங்கி வெறும் எழுத்தாளராவதற்கே தர்பர் பல மாதம் போராட வேண்டியிருந்தது.

இதற்கிடையே மிச்சமிருந்த கண் மங்கிக்கொண்டே வந்தது. 1930களில் ஒருநாள் அவர் மூக்குக்கண்ணாடி உடைந்தது. அது இல்லாமல் தெருவில் இறங்கியபோது கண்ட காட்சிகளை ஒரு கட்டுரையாக எழுதினார்: குடை பிடித்த மூதாட்டி ஒருத்தி லாரிக்குள் புகுந்து மறுபக்கம் வெளியே வந்தாள். பாலங்கள் பலூன்போல மேலெழுந்தன. முழுச் சீருடையில் கடற்படைத் தளபதி ஒருவர் சைக்கிள் மிதித்துப் போனார். வாசகர்கள் இதை நல்ல கற்பனை என்று ரசித்துவிட்டுப் போய்விட்டார்கள். அந்தக் கடற்படைத் தளபதி மட்டும் போகவில்லை.

சில வருடம் கழித்துத் தர்பர் எழுத உட்கார்ந்த ஒரு சிறுகதையின் முதல் வரியிலேயே, புயலில் சிக்கிய எட்டு இன்ஜின் கடல்விமானத்தின் தளபதியாக அவர் திரும்பி வந்தார். அடுத்த நிமிடம் கனவு கலைகிறது. அவர் தளபதி இல்லை. கனெக்டிகட் மாநிலத்து வாட்டர்பரி ஊருக்கு மனைவியை அழைத்துக்கொண்டு கார் ஓட்டும் நடுத்தர வயதுக்காரர். ஏன் இத்தனை வேகம் என்று மனைவி கடிந்துகொள்கிறாள். அவளை முடி அலங்கரிக்கும் கடையில் இறக்கிவிட வேண்டும். மழைக்கு ஷூமேல் மாட்டும் ரப்பர் உறையும், நாய்க்குட்டி பிஸ்கட்டும் வாங்க வேண்டும். அவ்வளவுதான் அந்த நாள்.

ஆனால் அந்த நாளுக்குள் ஐந்து வாழ்க்கைகள். ஆஸ்பத்திரி வாசலைக் கடக்கும்போது உலகப் புகழ்பெற்ற அறுவை மருத்துவராகிறார். பழுதான மயக்கமருந்து இயந்திரத்தை ஒரு ஃபவுன்டன் பேனாவைச் செருகியே ஓடவைக்கிறார். பேப்பர் விற்கும் பையன் ஏதோ வழக்கைக் கூவ, நீதிமன்றக் கூண்டில் நிற்கும் துப்பாக்கி வீரர். ஓட்டல் வரவேற்பறையில் பழைய பத்திரிகை, அதில் குண்டுவீச்சு விமானங்களின் படம், உடனே விமானி. கடைசியில், சுடப்போகும் துப்பாக்கிகளுக்கு முன்னால் கண்கட்டு வேண்டாமென்று நிமிர்ந்து நிற்பவர். சீருடையும் துப்பாக்கியும் இந்தக் கனவுகளில் திரும்பத் திரும்ப வருகின்றன. கல்லூரி அணிவகுப்பைக்கூட முடிக்க முடியாத ஒற்றைக்கண் மனிதர் எழுதியது என்று தெரிந்தபின் அந்தக் கதையை வெறும் வேடிக்கையாக என்னால் படிக்க முடிவதில்லை. அந்தத் துப்பாக்கிகளுக்கு முன்னால் நிமிர்ந்து நிற்பவர் கதாபாத்திரம் மட்டுமல்ல.

முதல் வடிவத்தில் இன்னொரு கனவும் இருந்தது. நியூயார்க்கின் ஸ்டார்க் கிளப்பில் எழுத்தாளர் ஹெமிங்வே யாருடனோ கைகலப்பில் இறங்க, நம் ஆள் நடுவே புகுந்து விலக்குகிறார். படித்துப் பார்த்த தர்பரின் மனைவி ஹெலன், அதை எடுத்துவிடச் சொன்னார். அன்றைய பிரபலங்கள் யாரும் கதைக்குள் வரக்கூடாது என்பது அவர் கட்சி. தர்பர் ஒரு வாரம் முணுமுணுத்துவிட்டு வெட்டினார். அந்தப் பகுதி இருந்திருந்தால் கதை 1930களின் நியூயார்க் கிசுகிசுவோடு மூப்படைந்திருக்கும். வெட்டிய பிரதி 1939 மார்ச் 18 இதழில் வெளிவந்தது. அந்தச் சாதாரண மனிதரின் பெயர், வால்டர் மிட்டி.

ஆறே மாதத்தில் உலகப் போர் மூண்டது. மிட்டி கனவில் மட்டும் ஏறிய விமானங்களில், கடைச் சிப்பந்திகளும் குமாஸ்தாக்களும் நிஜமாகவே ஏற்றப்பட்டார்கள். கதையை ‘ரீடர்ஸ் டைஜஸ்ட்’ மறுபிரசுரம் செய்ய, பெயர் எங்கும் பரவியது. படைத்தவருக்கோ அப்போது இருட்டிக்கொண்டு வந்தது. 1940, 41ல் அந்த ஒரே கண்ணில் ஐந்து அறுவை சிகிச்சைகள். சிறுவயது அம்பு கடைசியில் தன் வேலையைக் காட்டிவிட்டது. அதன்பின் அவர் பெரும்பாலும் வாயால் சொல்லச் சொல்லப் பிறர் எழுதினார்கள்.

1947ல் ஹாலிவுட் தயாரிப்பாளர் சாமுவேல் கோல்ட்வின் கதையைப் படமாக்கினார். டேனி கே நாயகன். படத்தில் மிட்டி நிஜக் கொள்ளைக்கூட்டத்திடம் சிக்கி நிஜ சாகசம் செய்தார். ஒன்றுமே நடக்காத வாழ்க்கை என்பதுதானே கதையின் உயிர்! தர்பர் கொதித்துப்போனார். அவருக்கும் கோல்ட்வினுக்கும் நடந்த சண்டை ‘லைஃப்’ பத்திரிகையின் கடிதப் பகுதியில் அச்சேறியது.

1961ல் தர்பர் காலமானார். அந்தப் பெயரோ அகராதியில் நிலைத்தது: கனவில் வீரம் காட்டும் சாமானியன். பிரிட்டிஷ் படையில் அது இன்னும் கடுமையான வசவு. போகாத போருக்குப் பதக்கம் குத்திக்கொள்பவனை ‘வால்ட்’ என்பார்கள். இராக் ஆயுத விவகாரத்தில் சிக்கி 2003ல் இறந்துபோன விஞ்ஞானி டேவிட் கெல்லியை, பிரிட்டிஷ் பிரதமரின் செய்தித் தொடர்பாளர் வால்டர் மிட்டி என்று வர்ணித்துவிட்டுப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. யாரையும் ஏமாற்றாத, தனக்குள்ளேயே வாழ்ந்த ஒருவரின் பெயரை இப்படி இழிவுக்குப் பயன்படுத்துவது எனக்கு அநியாயமாகவே படுகிறது.

இதற்கு முன்பே, 1998ல், மூக்குக்கண்ணாடி உடைந்த அந்தப் பழைய நாளுக்கு ஒருவர் திரும்பிப் போயிருந்தார். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்காவில் மூளை ஆய்வாளராகப் பேர்பெற்ற வி. எஸ். ராமச்சந்திரன், தன் நூலில் தர்பருக்கென்றே இடம் ஒதுக்கினார். கண்ணிலிருந்து தகவல் வராத இடத்தை மூளை தானே உருவங்களால் நிரப்பிக்கொள்ளும் நிலைக்கு சார்ல்ஸ் பானே நோய்க்குறி என்று பெயர். தர்பருக்கு அதுதான் இருந்திருக்க வேண்டும் என்பது அவர் ஊகம். அப்படியானால் சைக்கிள் ஓட்டிய தளபதி வெறும் எழுத்தாளக் கற்பனை அல்ல. தர்பர் அவரைப் பார்த்தே இருக்கிறார்.

2013ல் நடிகர் பென் ஸ்டில்லர் மிட்டியை மறுபடி திரைக்குக் கொண்டுவந்தார். இந்த மிட்டி புகைப்பட நெகடிவ்களைப் பாதுகாக்கும் ஊழியர். தொலைந்த ஒரு நெகடிவைத் தேடி கிரீன்லாந்துக்கும் இமயமலைக்கும் கிளம்பிவிடுகிறார். வாட்டர்பரியைத் தாண்டாத மனிதரே எனக்குப் பெரியவராகத் தெரிகிறார். புது மிட்டி வேலை பார்க்கும் பத்திரிகை, தர்பரின் கோபத்தை அச்சிட்ட அதே ‘லைஃப்’.