குழாய்க்குள்ளயும் ஒரு வெள்ளாமை

வயலுக்கு மணிச்சத்து வேணும்னா டி.ஏ.பி. மூட்டையைப் பிரிக்கிறோம். அதே சத்து சுத்திகரிச்ச குடிதண்ணீரில் துளி இருந்தாலும் ஒரு வெள்ளாமை நடக்கும். விளையறது நுண்ணுயிர். இது தெரிஞ்ச கதை சுவாரசியமானது.

1974-ல் நெதர்லாந்தின் ரோட்டர்டாமில் யோஹன்னஸ் ரூக் என்கிற வேதியியலாளர், தண்ணீரில் கரைஞ்ச மக்குப் பொருளோடு குளோரின் சேர்ந்தா குளோரோஃபார்ம் உண்டாகுதுன்னு காட்டினார். குளோரினைக் குறைக்கணும், சரி. அப்புறம் குழாயில் கிருமி பெருகாம இருக்க என்ன வழி? பட்டினி போடுறதுதான். கிருமி சுலபமா தின்கிற கரிமச்சத்து எவ்வளவு இருக்குன்னு அளக்கும் முறையை 1982-ல் வான் டெர் கோயி வெளியிட்டார். லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்குக் கீழே இருக்கணும்கிறது அவர் கணக்கு.

பின்லாந்தில் கதை மாறுச்சு. அங்கே சதுப்பு நிலத்துத் தண்ணீரில் கரிமச்சத்துக்குப் பஞ்சமே இல்லை. குவோப்பியோ நகரத்து மியெட்டினென் குழுவினர் 1996-ல் சொன்னது: அங்கே குறைச்சலா இருக்கிறது மணிச்சத்து, அதுதான் கிருமியைக் கட்டுப்படுத்துது. எந்தச் சத்து குறைச்சலோ அதுதான் விளைச்சலைத் தீர்மானிக்கும்னு நமக்குத் தெரிஞ்ச விதிதான். லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் வரை மணிச்சத்து கூடக்கூட நுண்ணுயிரும் கூடியது. பத்து லட்சம் லிட்டருக்கு வெறும் 10 கிராம்!

அப்போ சுத்திகரிப்பு நிலையத்தில் சத்தைக் குறைச்சா போதுமா? போதாது, நடுவில் குழாய் இருக்கே. 2004-ல் வெளியான பின்லாந்து ஆய்வில், பாலிஎத்திலீன் குழாயே தண்ணீரில் மணிச்சத்தை விட்டது. செம்புக் குழாயில் பாசிப்படலம் மெதுவா வளர்ந்தது. 200 நாளுக்கு அப்புறம் ரெண்டிலும் எண்ணிக்கை ஒண்ணாயிடுச்சு. குழாய்க்கு அடியில் படியும் வண்டலிலும் கிருமிக்கு உதவுற மணிச்சத்து தங்கியிருந்தது. அதைக் கழுவி விட்டதும் தண்ணீரின் தரம் கூடியது.

நெதர்லாந்தில் இப்போ குளோரின் இல்லாமலே தண்ணீர் தர்றாங்க. அதைப் பார்த்துட்டு நம்ம ஊரிலும் குளோரின் வேண்டாம்னு சொல்லிடாதீங்க. அங்கே குழாயில் 24 மணி நேரமும் அழுத்தம் உண்டு. நமக்கு விட்டுவிட்டுத்தான் வருது. அழுத்தம் இல்லாத நேரம் விரிசல் வழியே சாக்கடை உள்ளே போகும். நமக்குக் குளோரின் வேணும். கூடவே குழாயையும் தொட்டியையும் அப்பப்போ கழுவணும். பாத்தியில் களை எடுக்கிற மாதிரி.