பசிப்பிணியும் உணவு மறுப்பும்

பசியைப் பிணி என்றே அழைத்தனர் நம் முன்னோர். அப்பிணி தீர்ப்பதை அறங்களுள் தலையாயதாகப் போற்றியது மணிமேகலைக் காப்பியம். ஆயின், உணவு முன்னே இருந்தும் உண்ண மறுத்து மெலியும் இளையோரைக் காணும்போது, பிணி என்னும் சொல் நம் நாவில் எழுவதில்லை. பிடிவாதம் என்கிறோம், அழகு மோகம் என்கிறோம். மேலைநாட்டு மருத்துவமும் இதனைப் பிணியென உணர்ந்து கொள்ள நெடுங்காலம் தடுமாறியது.

1689-ஆம் ஆண்டிலேயே இலண்டன் மருத்துவர் ரிச்சர்டு மார்ட்டன், காய்ச்சல் ஏதுமின்றி மனக்கவலையால் எலும்பும் தோலுமாகி இறந்த இளம்பெண் ஒருத்தியைப் பற்றி எழுதினார். 1873-இல் பாரிசில் லசேக் என்பாரும் இலண்டனில் வில்லியம் கல் என்பாரும் இதனைத் தனி நோயாகவே விளக்கினர். அனோரெக்சியா நெர்வோசா என்று கல் இட்ட பெயரே இன்றும் வழங்குகின்றது. நோயாளியைப் பேணுவதற்குப் பெற்றோரும் உற்றாரும் ஏற்றவரல்லர் என்பதும் அவர் கருத்தாகும். 1914-இல் செருமானிய மருத்துவர் சிம்மண்ட்சு, மூளையடிச் சுரப்பி சிதைவதால் உடல் மெலிவதை விளக்கினார். அதன்பின் இந்நோயையும் சுரப்பிக் கோளாறு என மயங்கினோர் பலர்.

இம்மயக்கத்தினிடையே ஒளி தந்தது, இந்நோயை ஆராயும் நோக்கமே இல்லாத ஓர் ஆய்வு. போரினால் பட்டினியுற்ற ஐரோப்பிய மக்களை மீட்கும் வழியறிய, ஆன்சல் கீசு என்னும் அறிஞர் 1944-ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் அதனைத் தொடங்கினார். மனச்சான்றின்பேரில் போரிட மறுத்த 36 இளைஞர்கள் தாமே முன்வந்து பங்கேற்றனர். உடல்நலமும் உளநலமும் உடையோர் என ஆராய்ந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அவர்கள். 24 வாரங்கள் அவர்களுக்கு அரைவயிற்று உணவே அளிக்கப்பட்டது. உடல் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தது.

உடல் மெலிந்ததில் வியப்பில்லை. உள்ளம் மாறியதே வியப்பு. அவ்விளைஞர்கள் நண்பரை விட்டு ஒதுங்கினர். சிறு சொல்லுக்கும் சினந்தனர். எந்நேரமும் உணவையே எண்ணினர். சமையல் நூல்களைத் தேடிச் சேர்த்தனர். சிறிதளவு உணவையும் நெடுநேரம் வைத்துக்கொண்டு உண்டனர். ஒருவர் கோடரியால் தம் விரல்களையே வெட்டிக்கொண்டார். உணவு மீண்டும் கிடைத்த பின்னரும் அவர்கள் மனம் உடனே தெளிந்துவிடவில்லை. இம்முடிவுகள் 1950-இல் இரு பெருந்தொகுதிகளாக வெளிவந்தன.

இந்நோய் எதனால் தொடங்குகின்றது என்பதற்கு அவ்வாய்வு விடை கூறவில்லை. மரபணுக்களுக்கும் அதில் பங்குண்டு என்பதை 2019-இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்று காட்டியது. ஆயினும், உணவு மறுக்கும் பிள்ளையிடம் நாம் குணக்கேடாகக் காண்பவற்றுள் பல, பட்டினியின் விளைவுகளே என்பதைக் கீசின் ஆய்வு நமக்கு உணர்த்துகின்றது. உடல் தேறாமல் உள்ளம் தெளியாது. பட்டினியால் கட்டுண்ட மனத்திற்கு அறிவுரை மட்டும் மருந்தாகுமா?

பெற்றோரைப் பற்றிய கருத்தும் மாறியது. இளம் வயதினர்க்கு நோய் தொடங்கிச் சில ஆண்டுகளுக்குள், குடும்பத்தாரையும் இணைத்து அளிக்கும் சிகிச்சை நற்பயன் தரும் என்பதை 1987-இல் இலண்டன் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். நூறாண்டுகளுக்கு முன்னர் விலக்கப்பட்ட தாயும் தந்தையும் மருத்துவருக்குத் துணைவராயினர்.

ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் நாங்கள் கல்வி உளவியல் பயின்றோம். பிள்ளையின் கவனக் குறைவையும் சினத்தையும் அளந்தறியக் கற்றோம். உணவு வேளையில் தனித்தொதுங்கும் பிள்ளையை உற்றுநோக்க அப்பாடம் எங்களுக்குக் கற்பிக்கவில்லை. இன்று அதனைக் கற்பிக்க வரலாறு இருக்கின்றது. இந்நோய் உயிரையும் பறிக்க வல்லது. ஆதலின், பெற்றோரும் ஆசிரியரும் ஏளனத்தையும் கண்டிப்பையும் விடுத்து, காலந்தாழ்த்தாது மருத்துவரை நாடுதல் வேண்டும். பசிப்பிணி தீர்ப்பதை அறமெனக் கொண்ட சமுதாயம், உண்ண இயலாத உள்ளத்தின் பிணியையும் பிணியென்றே அழைக்கட்டும்.