நடக்காமல் போன ஒத்திகை

அணுகுண்டுப் போர் மூண்டால் மக்களைக் காப்பதற்கென்று பிரிட்டன் அரசு தீட்டிய திட்டங்களை மொத்தமாகக் கேலிக்கூத்து என்று ஒதுக்குவது நியாயமல்ல. அவற்றின் அறிவியல் திடமானது. குண்டு தரையை ஒட்டி வெடித்தால் மண்ணும் இடிபாடும் தூளாகி மேலெழுந்து, கதிரியக்கத் தூசாகக் காற்று போகும் திசையெல்லாம் இறங்கும். நேரம் ஏழு மடங்கானால் அதன் கதிர்வீச்சு ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகும். வெடித்த ஒரு மணி நேரத்தில் 1,000 என்றிருந்தால் 7 மணி நேரத்தில் 100, இரண்டு நாளில் 10, இரண்டு வாரத்தில் 1. வீட்டுக்குள் 14 நாள் அடைந்து கிடங்கள் என்ற அறிவுரை இந்தக் கணக்கில் பிறந்ததுதான். தூசு எங்கே இறங்குகிறது என்று அளந்து சொல்ல, நாடெங்கும் 1,500க்கும் மேற்பட்ட நிலத்தடி அறைகளை ராயல் அப்சர்வர் கோர் என்ற தொண்டர் படை வைத்திருந்தது. மூன்று பேர் ஏணியில் இறங்கி, இரும்பு மூடியைச் சாத்திக்கொண்டு, கதிர்வீச்சுமானி காட்டும் அளவை மேலிடத்துக்குச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். இந்த ஏற்பாடு திரும்பத் திரும்ப ஒத்திகை பார்க்கப்பட்டது.

மக்கள் சம்பந்தப்பட்ட பகுதியில்தான் கோளாறு. கதவுகளைக் கழற்றிச் சுவரில் சாய்த்து, மேலே மண் பைகளை அடுக்கி, அதனுள் குடும்பத்தோடு பதுங்கச் சொன்ன ‘புரொடெக்ட் அண்ட் சர்வைவ்’ கையேட்டைப் போர் நெருங்கும்போது கொடுத்தால் போதும் என்று அரசு நினைத்திருந்தது. 1980இல் பத்திரிகைகள் கிளறிய பிறகே அது விற்பனைக்கு வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் நடந்த ‘ஸ்குவேர் லெக்’ ஒத்திகையோ, பிரிட்டன்மீது 131 குண்டுகள் விழுவதாக வைத்துக்கொண்டது. தூசைத் தடுக்கும் மண் பை, அத்தனை குண்டுகளின் தீயையும் அதிர்வையும் எப்படித் தடுக்கும்? இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர்களுக்கு நம்பிக்கை போனதில் வியப்பில்லை.

1982 இலையுதிர் காலத்தில் ‘ஹார்ட் ராக்’ என்ற பெரிய ஒத்திகைக்கு நாள் குறித்தார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இருந்த 54 கவுண்டி மன்றங்களில் சுமார் 20 மன்றங்கள் வரமாட்டோம் என்றன. ஒத்திகை கைவிடப்பட்டது. அது லேபர் கட்சி மன்றங்களின் அரசியல், திட்டத்தின் குறையல்ல என்று அன்று வாதிட்டார்கள். அரசியல்தான், மறுக்கவில்லை. ஆனால் குண்டு விழுந்த பிறகு உணவு, தண்ணீர், பிணங்களை அடக்கம் செய்வது என எல்லாவற்றுக்கும் அந்தத் திட்டம் நம்பியிருந்தது இதே மன்றங்களைத்தான். அமைதிக் காலத்திலேயே அவற்றின் ஒப்புதல் கிடைக்கவில்லை என்றால், ஓட்டை திட்டத்தில்தான் இருக்கிறது. என் பார்வையில், நடக்காத ஹார்ட் ராக் சொன்ன உண்மையை நடந்த ஒத்திகைகள் சொல்லவில்லை.

மறுத்த மன்றங்கள் தம் மக்களைக் கைவிட்டன என்ற குற்றச்சாட்டு இன்னும் கனமானது. வெடிப்புக்குத் தொலைவில், தூசு மட்டும் இறங்கும் ஊர்களில் அந்த 14 நாள் கணக்கு உயிர்களைக் காத்திருக்கும் என்பது மெய். அப்படியானால் அதைப் பல ஆண்டுகள் முன்பே, எந்த ஊருக்கு உதவும், எந்த ஊருக்கு உதவாது என்பதோடு சேர்த்து, வெளிப்படையாகச் சொல்லியிருக்க வேண்டும். அரசு தேர்ந்தெடுத்த வழி வேறு: மன்றங்கள் திட்டம் தீட்டுவதையும் ஒத்திகையில் கலந்துகொள்வதையும் 1983இல் சட்டக் கடமையாக்கியது. ஒரே ஒரு மெகாடன் குண்டில் காயம்படுவோரைக்கூட நாட்டின் மருத்துவமனைகளால் சமாளிக்க முடியாது என்று பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் அறிக்கை வெளியிட்டதும் அதே ஆண்டில்தான்.