பல்கலைக் கழகமும் கம்பெனியும்: இன்சுலின் ஒப்பந்தத்தின் வரலாறு

நம் சமுதாயத்து இளைஞர் சிலர் இன்று அறிவியல் பட்டம் பெற்று ஆராய்ச்சிக் கூடங்களில் பணிபுரியும் நிலைக்கு உயர்ந்துள்ளனர். பல்கலைக் கழகத்தில் கண்டறியப்படும் உண்மை ஒரு தனியார் கம்பெனியின் கைக்குச் செல்லும்போது அதன் உரிமை யாரிடம் நிற்கிறது என்பது அவர்கள் அறிய வேண்டிய செய்தியாகும். இதற்குக் கனடா நாட்டு டொராண்டோ பல்கலைக் கழகத்தின் வரலாறு தக்க சான்று.

1921ஆம் ஆண்டுக் கோடையில், அப்பல்கலைக் கழகப் பேராசிரியர் மக்ளியாடின் ஆய்வுக் கூடத்தில், பாண்டிங் என்னும் மருத்துவரும் பெஸ்ட் என்னும் இளைஞரும் நாய்களின் கணையத்தினின்று நீரிழிவைத் தணிக்கும் சாற்றைப் பிரித்தெடுக்க முயன்றனர். வேதியியல் வல்லுநர் கோலிப் பின்னர் வந்து சேர்ந்து அதனைத் தூய்மை செய்தார். 1922 ஜனவரியில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு ஊசி வழியே செலுத்தினர். முதல் ஊசி அவ்வளவாகப் பயன் தரவில்லை. கோலிப் தூய்மை செய்த சாறு பயன் தந்தது. அந்நாள்வரை இந்நோய் கண்ட பிள்ளைகள் பட்டினிக்கு ஒப்பான உணவுக் கட்டுப்பாட்டில் மெலிந்து மடிந்தனர் என்பதை எண்ணினால்தான் அச்செய்தியின் பெருமை விளங்கும்.

ஆனால் ஆய்வுக் கூடத்தில் சிறிதளவு செய்வது வேறு. ஆயிரமாயிரம் பேருக்குச் செய்வது வேறு. பல்கலைக் கழகத்தின் சொந்த மருந்துக் கூடமான கன்னாட்டில் பேரளவில் காய்ச்ச முற்பட்டபோது சாறு ஆற்றலிழந்தது. நோயாளிகளோ காத்திருந்தனர். அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரத்து எலி லில்லி கம்பெனி முன்னரே உதவி செய்ய முன்வந்திருந்தது. முதலில் மறுத்த பல்கலைக் கழகத்தார், 1922 மே மாதத்தில் அதனோடு ஒப்பந்தம் செய்தனர்.

அவ்வொப்பந்தம் கருதத்தக்கது. அமெரிக்காவில் ஓராண்டு சோதனைக் காலத்திற்கு மட்டுமே கம்பெனிக்குத் தனியுரிமை. அதன்பின் தகுதியுள்ள பிற கம்பெனிகளுக்கும் உரிமம் தரும் அதிகாரம் பல்கலைக் கழகத்திற்கே. பாண்டிங், பெஸ்ட், கோலிப் ஆகிய மூவரும் 1923 ஜனவரியில் தம் காப்புரிமையைப் பல்கலைக் கழகத்திற்கு ஆளுக்கு 1 டாலருக்கு விற்றனர். இது தியாகம் என்று மட்டும் போற்றப்படுகிறது. அது உண்மையே, எனினும் அதில் முன்யோசனையும் இருந்தது. வேறொருவர் காப்புரிமை பெற்று வழியை அடைத்துவிடாதிருக்கவும், தரங்குறைந்த மருந்து நோயாளியைக் கொல்லாதிருக்கவும் அவ்வுரிமை வேண்டப்பட்டது. எழுத்தறியாத நம் முன்னோர் பலர் பத்திரத்தில் என்ன எழுதியுள்ளது என்று அறியாமலே கைநாட்டு வைத்து நிலம் இழந்தனர். ஆகவே பத்திரத்தின் ஒவ்வொரு வரியும் நமக்குச் சிறு செய்தியன்று.

பிணக்கும் வந்தது. லில்லியின் வேதியியலார் வால்டன் மருந்தை மேலும் தூயதாக்கும் முறையொன்றைக் கண்டார். கம்பெனி அதற்குத் தன் பெயரில் காப்புரிமை நாடியது. ‘ஐலெட்டின்’ என்னும் வணிகப் பெயரையும் சூட்டியது. முன்வாசலில் பொதுவாக்கிய பொருளைப் பின்வாசல் வழியே தனதாக்கும் முயற்சியோ என டொராண்டோவினர் ஐயுற்றனர். செயின்ட் லூயி நகரத்து வாஷிங்டன் பல்கலைக் கழகத்தாரும் அத்தகைய முறையைத் தனியே கண்டிருந்தமை டொராண்டோவுக்கு வலுவாயிற்று. நெடிய கடிதப் போக்குவரத்திற்குப்பின், உரிமம் பெறுவோர் தம் மேம்பாடுகளையும் பொதுவில் வைக்க வேண்டும் என்னும் ஏற்பாடு உருவாயிற்று. கம்பெனி இல்லையேல் மருந்து அத்துணை விரைவில் மக்களைச் சேர்ந்திராது என்பதையும் நாம் மறைத்தல் ஆகாது.

காலம் மாறியது. நுண்ணுயிர்களைக் கொண்டு ஆக்கப்பட்ட மனித இன்சுலினை லில்லி 1982இல் அமெரிக்கச் சந்தைக்குக் கொணர்ந்தது. 1996இல் ‘ஹியூமலாக்’ என்னும் மாற்றியமைத்த இன்சுலினையும் கொணர்ந்தது. அது தொடக்கத்தில் ஒரு குப்பி ஏறத்தாழ 21 டாலருக்கு விற்றது. 2019இல் 270 டாலரைத் தாண்டிற்று. விலை கேட்டு மருந்தளவைக் குறைத்துக்கொண்ட ஏழை நோயாளிகளின் செய்திகள் அந்நாட்டு இதழ்களில் வந்தன. பெருங் கண்டனத்திற்குப் பின்னர் 2023இல் தான் மிகுதியாக விற்கும் இன்சுலின் வகைகளின் பட்டியல் விலையை 70 விழுக்காடு குறைப்பதாகக் கம்பெனி அறிவித்தது. 1922இல் டொராண்டோ எழுதிய நிபந்தனைகள் எவையும் இப்புதிய மருந்துகளைக் கட்டுப்படுத்தவில்லை. 1 டாலருக்கு விற்ற அக்காப்புரிமையின் காலம் எப்போதோ முடிந்திருந்தது.