சிள்வண்டுக்குக் காது கேட்குமா?

எங்களைப் போல பிரெஞ்சு வழியில் படித்தவர்களுக்குச் சிள்வண்டு முதலில் அறிமுகமானது லா ஃபோந்தேன் கதையில்தான். கோடை முழுக்கப் பாடிவிட்டு, குளிர் வந்ததும் எறும்பிடம் கையேந்தும். (தமிழில் அது வெட்டுக்கிளி ஆகிவிட்டது.) அந்தக் கதையை ஒப்புக்கொள்ளாத பிரெஞ்சுக்காரர் ஒருவர் உண்டு: பூச்சிகளோடே வாழ்ந்த ழான்-ஆன்ரி ஃபாப்ர். தென் பிரான்சின் செரிஞான் கிராமத்தில், அவர் வீட்டு வாசல் மரங்களிலேயே சிள்வண்டுகள் நாள் முழுக்க இரையும்.

ஒலி பிறக்கும் விதம் முன்பே தெரிந்ததுதான். ஆண் வண்டின் வயிற்றுக்கு இருபுறமும் விறைப்பான சவ்வு ஒன்று உண்டு. தசை இழுத்தால் 'டக்'கென்று உள்வாங்கும், விட்டால் நிமிரும், தகர டப்பா மூடியை அமுக்குவதுபோல. காற்று நிறைந்த வயிறு அதைப் பெருக்கும். 18ஆம் நூற்றாண்டிலேயே ரெயோமூர், சாராயத்தில் போட்டு வைத்த செத்த வண்டின் தசையை இழுத்து ஒலி எழுப்பியிருக்கிறார்.

ஃபாப்ருக்கு வந்த கேள்வி வேறு. இந்தப் பாட்டு யாருக்கு? ஆணும் பெண்ணும் ஒரே கிளையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன, பெண்ணோ அசைவதேயில்லை. சரி, காதாவது கேட்கிறதா? ஊர்த் திருவிழாவில் போடும் அதிர்வேட்டுக் குழாய்கள் இரண்டை இரவல் வாங்கி, மருந்து கெட்டித்து, மரத்தடியில் வைத்தார். கண்ணாடி உடையக் கூடாதென்று ஜன்னல்களைத் திறந்துவிட்டார்கள். வேட்டு வெடித்தது. மேலே பாட்டு ஒரு துளியும் மாறவில்லை. இரண்டாவது வேட்டுக்கும் அப்படியே. செவிடு, அல்லது மந்தச் செவி என்று 1897இல் வந்த தொகுதியில் எழுதினார். சோதனை நேர்மையானது, முடிவுதான் தவறு.

வண்டின் காது வயிற்றில் இருக்கிறது. அது தன் இனத்தின் கீச்சொலிக்கு ஏற்றது; வேட்டின் கனத்த முழக்கத்துக்கு அல்ல. போதாததற்கு, பாடும்போது ஆண் தன் செவிச்சவ்வைத் தளர்த்திக்கொள்கிறது. இதைப் பின்னாளில் ஆராய்ந்து சொன்ன பிரிங்கிள் என்ற ஆங்கிலேயர், இலங்கைச் சிள்வண்டுகளை வைத்துத்தான் 1950களில் வேலை செய்தார்.

கேள்வியைச் சரியாகக் கேட்டவர் ரேகன் என்ற ஸ்லோவேனியர் என்பேன். அவர் வேட்டுப் போடவில்லை, தொலைபேசி வைத்தார். ஆண் சுவர்க்கோழி ஓர் அறையில் கத்த, வேறோர் அறையில் இருந்த பெண், ஒலி வந்த கருவியை நோக்கி நடந்தது. வாசனையும் இல்லை, பார்வையும் இல்லை, ஒலி மட்டும்தான். ஆண்டு 1913. அப்போது ஃபாப்ர் உயிரோடுதான் இருந்தார், 90ஐத் தொடும் வயதில்.

அசையாத அந்தப் பெண் வண்டுகளைப் பற்றியும் இப்போது கொஞ்சம் தெரியும். அமெரிக்காவில் 17 ஆண்டுகளுக்கு ஒருமுறை மண்ணிலிருந்து வெளிவரும் இனத்தில், ஆண் பாடி முடித்த மறு கணம் பெண் சிறகை ஒருமுறை சொடுக்கும். அதைக் கேட்டுத்தான் ஆண் நெருங்கி வருகிறது.