கார்பெட் துப்பாக்கி: பேரேடு சொல்லும் சாட்சி

‘சம்பாவத் ஆட்கொல்லிப் புலியை ஜிம் கார்பெட் சுட்டு வீழ்த்திய துப்பாக்கி’ என்ற குறிப்போடு ஒரு ரிக்பி ரைஃபிளின் படம் அடிக்கடி கண்ணில் படும். துப்பாக்கி அந்த வேட்டைக்காரருடையதுதான். குறிப்புதான் உதைத்தது.

முதல் தடயம், கட்டையில் பதித்த வெள்ளித் தகடு. 1907-இல் சம்பாவத்தில் ஆட்கொல்லிப் பெண்புலியைக் கொன்றதைப் பாராட்டி, ஐக்கிய மாகாணத் துணைநிலை ஆளுநர் சர் ஜான் ஹியூவெட் கார்பெட்டுக்கு அளித்தது என்கிறது அது. பாராட்டி அளித்தது என்றால் புலி செத்த பிறகு கைக்கு வந்தது என்றுதானே பொருள்? ஆனால் தகட்டை மட்டும் நம்ப எனக்கு மனம் வராது. ஒரு துண்டு வெள்ளியும் இரண்டு திருகாணியும் இருந்தால் எந்தத் துப்பாக்கியையும் எந்த மகாராஜாவின் பெயரிலும் ஏற்றிவிடலாம்.

ஆகவே பேரேட்டைத்தான் பார்க்க வேண்டும். பழைய பிரிட்டிஷ் துப்பாக்கிக் கம்பெனிகள் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஓர் எண் பொறித்து, அந்த எண்ணிலேயே விற்பனையையும் எழுதி வைத்தன. என்ன துப்பாக்கி, எப்போது போனது, யாருக்குப் போனது என்பதோடு கணக்குப்பிள்ளையின் வேலை முடிந்தது. கதை சொல்லும் ஆசை அவருக்கு இல்லை. அதனாலேயே அவர் எழுத்தை நம்புகிறேன். ரிக்பி கம்பெனி கைமாறி, கலிபோர்னியா வரை போய், 2013-இல் லண்டனுக்குத் திரும்பியது. இத்தனைக்கும் நடுவில் பேரேடுகள் தப்பின. அவற்றில் இந்த .275 ரைஃபிள் 1907-இல் விற்றதாக இருக்கிறது. வாங்கியவர் என்ற இடத்தில் கார்பெட்டும் இல்லை, ஹியூவெட்டும் இல்லை. கல்கத்தா மான்டன் கம்பெனி.

இதில் ஏமாற ஒன்றுமில்லை. மான்டன் அந்நாளின் பேர்பெற்ற துப்பாக்கி வியாபாரி. லண்டன் சரக்கு கல்கத்தாக் கடை வழியாக அதிகாரிகள் கைக்குப் போவது அன்றைய வழக்கம். நைனிடாலைக் கோடைத் தலைநகராகக் கொண்ட மாகாணத்தின் ஆளுநர் ஒரு பரிசுத் துப்பாக்கிக்கு அங்கே சொல்லி அனுப்பியிருப்பார் என்பது என் ஊகம். தகட்டிலும் 1907, பேரேட்டிலும் 1907. தகடு மெய்தான்.

அப்படியானால் புலியைக் கொன்றது எது? அதற்குச் சாட்சி கார்பெட்டே. 1944-இல் வந்த குமாயுன் ஆட்கொல்லிகள் பற்றிய நூலில், அன்று தன் கையில் இருந்தது .500 இரட்டைக் குழல் ரைஃபிள் என்கிறார். கொண்டுபோனதே மூன்று தோட்டாக்கள். மூன்றும் தீர்ந்தன, இரண்டு பட்டும் புலி விழவில்லை. மேட்டுக்கு ஓடி, உடன் வந்த தாசில்தாரின் ஷாட்கன்னை வாங்கிக்கொண்டு இறங்கினார். அது என்ன லட்சணத்தில் இருந்தது தெரியுமா? குழலுக்கும் அடிக்கட்டைக்கும் நடுவே கால் அங்குலத்துக்கும் மேல் இடைவெளி. வெடித்தால் சுடுபவர் முகத்தில்தான் வெடிக்கும். இருபதடி தூரத்தில் நின்று புலியின் திறந்த வாயைக் குறிவைத்தார். குண்டு முன்னங்காலில் பட்டது. முன்பு பட்ட இரண்டு .500 குண்டுகளால் புலி அப்போதே கடைசி மூச்சில் இருந்தது என்றும் அவரே எழுதுகிறார்.

இன்னொன்றும் அந்த நூலில் உண்டு. சில மாதம் கழித்து நைனிடால் தர்பாரில் ஹியூவெட் அந்தத் தாசில்தாருக்கு ஒரு துப்பாக்கி பரிசளித்ததைச் சொல்கிறார். தனக்குக் கிடைத்த ரிக்பியைப் பற்றி அந்த இடத்தில் பேச்சே இல்லை. அதில் வியப்பில்லை: புலியைத் தேடிப் போகுமுன், அதன் தலைக்கு அரசு அறிவித்திருந்த பரிசை ரத்துசெய்யச் சொன்ன மனிதர் அவர்.

ரிக்பி சும்மா இருந்துவிடவில்லை. 1926-இல் ருத்ரபிரயாகை ஆட்கொல்லிச் சிறுத்தையை வீழ்த்தியது .275தான். கார்பெட் 1955-இல் கென்யாவில் இறந்தபின் துப்பாக்கி அவர் பதிப்பாளரான ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகத்துக்குப் போய், பின்னர் ரிக்பி கம்பெனியிடமே திரும்பியது. 2016-இல் இந்தியாவுக்கும் ஒருமுறை வந்து போனது.

படத்தின் கீழே இனி இப்படிப் போடுங்கள்: ‘சம்பாவத் புலியைக் கொன்றதற்காகக் கார்பெட் பரிசாகப் பெற்ற துப்பாக்கி.’