தூத்துக்குடி கார் ஷெட் கதவுகளின் கதை

வரலாறு என்றதும் அரண்மனை, போர், கல்வெட்டு என்றுதான் நமக்கு ஞாபகம் வரும். வீட்டு கார் ஷெட் கதவுக்கும் ஒரு வரலாறு உண்டு என்று சொன்னபோது என் வகுப்பு நண்பர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். 2023 டிசம்பருக்குப் பிறகு எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் ஊரைப் பற்றிக் கொஞ்சம். 1876ல் தூத்துக்குடிக்கு ரயில் வந்தது. சென்னையிலிருந்து ரயிலில் வந்து, இங்கே கப்பலேறி கொழும்பு போவார்கள். 1914ல் தனுஷ்கோடி வழி திறக்கும் வரை இதுதான் பெரிய பாதை. பருத்தி, உப்பு, முத்து என்று வியாபாரம் நடந்த ஊர். வசதியான வீடுகளில் வில்வண்டியோ குதிரை வண்டியோ இருக்கும். அது நிற்க ஒரு கொட்டகை இருக்கும். கார் வந்தபோது அதற்கென்று யாரும் புதிதாக யோசிக்கவில்லை. வண்டி நின்ற இடத்திலேயே கார் நின்றது, அவ்வளவுதான். ஐரோப்பாவிலும் இதே கதைதான். அங்கும் குதிரை லாயங்கள்தான் முதல் கார் ஷெட்டுகள்.

அந்தக் கொட்டகைகளுக்கு இரட்டைக் கதவு போடுவார்கள். முடிந்தவர்கள் தேக்கு போட்டார்கள். அதிலும் பர்மா தேக்கு என்றால் தனி மதிப்பு. 1942ல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அந்த வரத்து நின்றுபோனது. தேக்கில் இயற்கையாகவே எண்ணெய் இருப்பதால் ஈரமும் கரையானும் எளிதில் அண்டாது. உப்புக்காற்று அடிக்கும் ஊருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

எங்கள் கொள்ளுத்தாத்தாவின் வில்வண்டிக் கொட்டகையும் இப்படித்தான். 8 அடி அகலம், தெருப்பக்கம் திறக்கும் இரண்டு தேக்குக் கதவுகள். 1978ல் தாத்தா பழைய அம்பாசிடர் ஒன்றை வாங்கி அதற்குள் நிறுத்தினார்.

இதற்குள் அமெரிக்காவில் கதவு எங்கேயோ போய்விட்டது. 1921ல் ஜான்சன் என்பவர் மேலே தூக்கித் திறக்கும் ஷெட் கதவைக் கண்டுபிடித்தார். 1926ல் அதற்கு மோட்டாரும் வந்துவிட்டது. நம் ஊர் வீடுகளுக்கு வந்ததோ ரோலிங் ஷட்டர். அது கடைகளுக்கு வந்த பொருள். 1983ல் மாருதி 800 வந்த பிறகு நடுத்தரக் குடும்பங்களும் கார் வாங்க ஆரம்பித்தன. சின்ன வீடு, குறுகலான தெரு. கதவை விரித்துத் திறக்க இடம் ஏது? கடை ஷட்டர் வீட்டுக்குள் வந்தது இப்படித்தான்.

எங்கள் வீட்டில் ஷட்டர் வந்ததற்குக் காரணம் வேறு. ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டார்கள். தெரு உயர்ந்துகொண்டே போனது. ஒருநாள் கதவு தெருவில் இடித்துத் திறக்கவே இல்லை. 1996ல் கதவைக் கழற்றிப் பழைய மரக்கடைக்குப் போட்டுவிட்டு, இருப்பதிலேயே விலை குறைந்த ஷட்டரை மாட்டினார்கள். அதே வருடம் மாருதியும் வந்தது.

இரும்பின் மேல் துத்தநாகம் பூசும் முறைக்கு 1837லேயே பிரான்சில் காப்புரிமை பெற்றுவிட்டார்கள். துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காப்பாற்றும். ஆனால் கடலோரத்தில் காற்றிலுள்ள உப்பு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பூச்சு சீக்கிரம் தீர்ந்துவிடும். முதலில் போவது கீழ்ச்சட்டம், அடுத்து இருபக்கச் சேனல்கள். மேலே பெயிண்ட் பளபளவென்று இருக்கும், உள்ளே துரு!

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. கோரம்பள்ளம் குளம் உடைந்தது. தெருவில் தண்ணீர் ஏறுவதைப் பார்த்து, காரை மேட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று அப்பா ஷட்டரைத் தூக்கினார். ஒரு அடி ஏறியது, சேனலில் சிக்கி நின்றுவிட்டது. நானும் பக்கத்து வீட்டு அண்ணனும் கடப்பாரையோடு போராடினோம். திறந்தபோது தண்ணீர் கார் சீட்டுக்கு மேலே. தாத்தாவின் மாருதி கடைசியில் எடைக்குத்தான் போனது. "அந்தக் கதவைக் கழட்ட வேண்டாம்னு அன்னைக்கே சொன்னேம்லா" என்றார் ஆச்சி. தாத்தா ஒன்றும் பேசவில்லை.

ஆச்சி சொன்னது பாதிதான் சரி. தேக்குக் கதவு இருந்திருந்தாலும் அந்தத் தெரு உயரத்துக்கு அது திறந்திருக்காது. தெரு உயர்ந்தபோது ஷெட் தரையையும் உயர்த்தியிருக்க வேண்டும். நாங்கள் கதவை மாற்றினோம், தரையை மாற்றவில்லை. தப்பு அங்கேதான்.

பி.காம் மாணவன் என்பதால் கணக்கும் சொல்லிவிடுகிறேன் :-) வாங்கும் விலை மட்டும் செலவு அல்ல. தேய்மானம், பராமரிப்பு, கதவு கைவிட்டால் வரும் நஷ்டம் எல்லாம் சேர்ந்ததுதான் செலவு. நம் ஊரில் ஷெட் கட்டுபவர்கள் முதலில் தரை தெருவைவிட உயரமா என்று பாருங்கள். அலுமினியக் கதவு துருவுக்குத் தப்பும், ஆனால் சாதாரண இரும்புத் திருகாணி போட்டால் அந்த இடத்திலேயே அரிக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் 316 ரகம் கேளுங்கள், 304 ரகம் கடற்காற்றில் கறை பிடிக்கும். ஷட்டர்தான் என்றால் மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் சேனலைக் கழுவிக் காய்ந்ததும் எண்ணெய் விடுங்கள். மோட்டார் வைத்தால் கரண்ட் இல்லாதபோது கையால் திறக்கும் வசதி கட்டாயம் வேண்டும்.

2025 ஆகஸ்டில் நம் ஊரிலேயே வின்ஃபாஸ்ட் மின்சார கார் தொழிற்சாலை திறந்தார்கள். இனி ஷெட்டுக்குள் சார்ஜ் போடும் பெட்டியும் வரும். எங்கள் ஷெட் சுவரில் அந்த வெள்ளத்தின் கோடு இன்னும் அழியாமல் இருக்கிறது. வெள்ளையடிக்கும்போது அதை மட்டும் விட்டுவிடச் சொல்லியிருக்கிறார் தாத்தா. பெட்டியை எவ்வளவு உயரத்தில் மாட்டுவது என்று நாளை யாரும் யோசிக்க வேண்டியதில்லை.